வெறுந்தகட்டில் விழுந்த கோடுகள்

அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியில் பென்சிலால் எழுதிய ‘வெ’ என்ற ஒற்றை எழுத்து. அதைத் தப்பாகப் படித்தவன் நான். எழுதியவர் எங்கள் ஆய்வக அக்கா. மாநில எல்லையில் உள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற ஒரு கல்லூரியில் அவர் உதவியாளர், நான் ஆராய்ச்சிக்காரன். உதவியாளர் என்பது சம்பளப் பட்டியலில் இருந்த பெயர்தான். எங்கள் ஆய்வகத்தின் இருட்டறையில் அவரைக் கேட்காமல் நான் ஒரு குடுவையைக்கூடத் தொட்டதில்லை.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கார்பன் என்கிற கரிம அணுவின் கருக்களை வேகமாக உடம்புக்குள் செலுத்திப் புற்றுக்கட்டியை அழிக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அவை குறித்த ஆழத்தில் போய் நின்று, நின்ற இடத்தைச் சுடும். ஆனால் போகிற வழியில் சில கருக்கள் மோதி உடைந்துவிடும். உடைந்த சில்லுகள் சொன்ன இடத்தில் நிற்காது, கட்டியைத் தாண்டி அந்தப் பக்கமும் ஓடும். எத்தனை ஓடுகின்றன என்று மருத்துவர்களுக்குத் தெரிய வேண்டும். விண்கலத்தின் சுவரில் மோதி உடையும் கருக்களைப் பற்றி விண்வெளிக்காரர்களுக்கும் இதே கவலைதான். வெளிநாட்டில், உடம்புக்குப் பதிலாகத் தண்ணீர்ப் பெட்டியை வைத்துக் கதிரைச் செலுத்தி, பின்னால் அடுக்கிய தகடுகளை எங்களுக்கு அனுப்புவார்கள். பழைய புகைப்படச் சுருளில் இருப்பது போன்ற பூச்சு அவற்றில் இருக்கும். கழுவி நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு சில்லும் போன தடம் கறுப்புக் கோடாகத் தெரியும். கூடவே கதிரே படாத சில தகடுகளும் வரும். அவற்றிலும் கோடுகள் இருக்கும், வருகிற வழியில் வானத்திலிருந்து விழுந்தவை. அவற்றைக் கழித்தால்தான் உண்மைக் கணக்கு.

வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கதவை உலுக்கும் நட்டநடுப் பகலில், உள்ளே சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரியும். “ஏனுங்க தம்பி, போனது எப்பவோ போயிருச்சு. தடத்தை மட்டும் எண்ணுறது பேயை எண்ணுற மாதிரி இல்லீங்களா?” என்று ஒருநாள் அக்கா கேட்டார். நான் சிரித்தேன். ஆனால் அதன்பிறகு தனியாக அந்த அறையில் உட்கார எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. நான் இடுக்கித் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். தண்ணீரை மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றே சொல்லி வாய் பழகிவிட்டது. குடிக்க வெள்ளம் கேட்டால், “ஒரு சொம்பு போதுங்களா, ஊரே முங்கோணுங்களா?” என்பார்.

அந்த வருஷம் அவருடைய இடது கண்ணுக்குப் பின்னால் கட்டி வந்தது. வெளிநாட்டில் இருந்த அவர் தம்பி, இதே கரிமக் கதிர் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். சிகிச்சையில் அந்தக் கண் போனாலும் போகலாம் என்று மருத்துவர்கள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். விட்டுவைத்தால் இரண்டு கண்ணும் போய், பிறகு உயிரும் போகும். அக்கா போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் இருந்தார்.

“கண்ணு நரம்பு கட்டிக்கு அந்தப் பக்கந்தான் இருக்குதாமா. நாம எண்ணுற சில்லு அங்க போயி விழுகுமுங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

அந்த வாரம் ‘வெ’ பெட்டித் தகடுகளைத்தான், தண்ணீருக்குப் பின்னால் வைத்தவை அவை என்று நம்பி, எண்ணி முடித்திருந்தேன். “ஒண்ணுமே போகலன்னு சொல்லலாம்க்கா. நானே எண்ணிப் பாத்தேன்” என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “செரிங்க” என்றார். அந்த மாதமே சிகிச்சைக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறுத்தியது. ‘வெ’ தகடுகளில் இருந்த கொஞ்சக் கோடுகளும் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன. கதிர் ஒரு பக்கமிருந்துதானே வரும்? ‘த’ என்று எழுதிய பெட்டியை எடுத்தேன். தனியாக வைத்த கதிர் படாத தகடுகள் என்று நான் நினைத்திருந்த பெட்டி அது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். நின்றுவிட்டதாக நான் சொன்ன இடத்தைத் தாண்டி, நெருக்கமாக, கோடுகள் எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. ‘வெ’ வெள்ளம் அல்ல, கதிர் படாத வெறுந்தகடு. ‘த’ தனி அல்ல, தண்ணிப் பெட்டி. கழுவும்போது ஒட்டுச்சீட்டுகள் உரிந்துபோனதால் அக்கா அவசரத்துக்கு எழுதிவைத்த எழுத்துகள் அவை. பேராசிரியரிடம் அன்றே சொல்லிக் கணக்கைத் திருத்தினேன். இப்போதெல்லாம் முழுச் சொல்லாக அச்சடித்து ஒட்டுகிறோம். அக்காவிடம் மட்டும் நான் சொல்லவில்லை. சிகிச்சை பாதியில் இருக்கிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

அவர் திரும்பி வந்தார். கட்டி சுருங்கிவிட்டது. இடது கண் போய்விட்டது. பல மாதம் கழித்து, போன வாரம்தான் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலை நிமிரவில்லை எனக்கு.

“தெரியுமுங்க. எழுதுனவ நாந்தானுங்களே. வெறுந்தகட்டைப் பாத்துப்போட்டுச் சொல்றீங்கன்னு அப்பவே தெரிஞ்சுதுங்க.”

“அப்புறம் ஏங்க்கா போனீங்க?”

“ஆராச்சும் ஒருத்தரு ஒண்ணுமில்லைன்னு சொன்னாப் போயிரலாம்னு இருந்தனுங்க. நீங்க சொன்னீங்க.”

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இந்தக் கண்ணுல ஒண்ணுமே தெரியறதில்லீங்க. ஆனா மூடுனாக் கோடு போகுதுங்க, வெள்ளையா. ஒண்ணு வந்து மூணாப் பிரியுது. கதிர் வெச்சு முடிச்சு எத்தனை மாசமாச்சு! இதும் வெறுந்தகடு மாதிரித்தானுங்களே தம்பி. இதுல எப்படிங்க கோடு வருது?”

விண்வெளிக்குப் போனவர்கள் கண்ணை மூடினால் வெளிச்சக் கோடுகள் பார்ப்பதுண்டு. கருக்கள் கண்ணைக் கடந்துபோவதால் என்பார்கள். அக்காவோ தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூணாகப் பிரியும் கோட்டை நானும் தகடுகளில் பார்த்திருக்கிறேன். கரிமக் கரு உடையும்போது அப்படித்தான் உடையும். காரணம் ஒன்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“தெரியலக்கா” என்றேன்.

“இப்பத்தானுங்க பாக்காம எதையும் சொல்லாம இருக்கறீங்க” என்று சொல்லிவிட்டு அவர் கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.