ஆரணித் தறியில் ஒரு சுத்தியல் கல்

காலை ஏழேகாலுக்கு வேலூரில் பேருந்து ஏறினேன். ஆரணிக்கு நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஜனங்கள் ஆரணிக்குப் போவது பட்டுப்புடவை எடுக்க. நான் போனது ஒரு கல்லைப் பார்க்க. "ஊர்ல இல்லாத கல்லா?" என்று வீட்டில் கேட்டார்கள். என் கல் பைத்தியம் ஊரறிந்தது.

நான் பாடம் நடத்தும் பள்ளியின் எழுத்தர் கைப்பேசியில் ஒரு படம் காட்டியிருந்தார். அவருடைய அக்கா சரளா ஆரணியில் பட்டு நெய்கிறார். சந்தவாசல் பக்கம் கிணறு தூர் வாரியபோது கிடைத்த, கைக்கு அடக்கமான கல் ஒன்று அவர் தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூலை இழுத்துப் பிடிக்கும் பாரமாகத் தொங்குகிறது. படத்தில் அதன் நுனி முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள். இரும்பை அறியாத காலத்து மனிதர்கள் தானியம் இடிக்கவும் கொட்டை உடைக்கவும் இப்படி ஒரு கல்லைத்தான் பிடித்தார்கள். அடித்து அடித்து விழுந்த தழும்புதான் அதற்குச் சாட்சி. தழும்பு இல்லையென்றால் அது வெறும் ஆற்றுக்கல். எங்கள் பள்ளிக் கண்ணாடி அலமாரியில் அதை வைத்தே தீர வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை.

கண்ணமங்கலத்தில் மலைகள் பனியில் மிதந்தன. கண் சொருகியது. எங்கோ யாரோ கல்லால் கல்லைத் தட்டினார்கள். டொக், டொக். விழித்துப் பார்த்தால் பேருந்தின் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

எட்டரைக்கு ஆரணி. ஆட்டோக்காரர் சிரித்தார். "இன்னிக்கா தறி பாக்க வந்தீங்க? அமாவாசை சார். ஊர்ல பாதி தறி தூங்கிகினு கீது."

உண்மைதான். தெருவில் தறிச் சத்தம் இல்லை. சாம்பிராணிப் புகை மட்டும் வாசலுக்கு வாசல் உலாவியது. எனக்கும் பாதிக் கனவில் நடப்பது போலவே இருந்தது.

சரளா என்னை நேரே தறிக்கு அழைத்துப் போனார். குங்குமம் வைத்து, பூச்சூடி, பாதி நெய்த மாம்பழ நிறப் புடவையோடு தறி ஓய்ந்திருந்தது. பின்னால் கயிற்றில் அந்தக் கல். மேல்பாதியில் கயிறு நழுவாமல் பழைய பட்டுத்துணி சுற்றியிருந்தது. குனிந்து கீழ்நுனியைப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. ஒரு தழும்புகூட இல்லை.

"நீங்க வர்றீங்கன்னு தம்பி சொல்லிச்சிங்க. ரெண்டு நாளா சாணைக்கல்லு போட்டுத் தேய்ச்சேன்" என்றார் பெருமையாக. "தறியாண்ட எதுவும் சொரசொரன்னு இருக்கக் கூடாது. பட்டு மாட்டிக்கும். இத்தினி நாளா அது எப்படித்தான் என் கண்ணுல படாம இருந்துச்சோ!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறைக்கத் தெரியவில்லை. தழும்பின் கதையைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, தப்பு பண்ணிட்டனே. துணிக்குள்ள இன்னொரு முனை கீது சார். அத நான் தொடவே இல்ல."

அவர் கை முடிச்சை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. அமாவாசையன்று தறியில் கட்டியதை அவிழ்ப்பதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். ஆனாலும் எனக்காக அவிழ்த்துவிடுவார் போலிருந்தது. மனசு 'அவிழ்க்கட்டும்' என்றது. வாய் "வேணாம்மா" என்றது.

துணியோடு தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். நைந்த பட்டின் மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினேன். ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் நிறைய. யாரோ ஒருவர் என்றோ ஓங்கி அடித்த அடிகள் ஒவ்வொன்றாக என் விரலுக்கு வந்தன.

"இருக்குதுங்களா?" என்றார் குரல் தாழ்த்தி.

"இருக்குதும்மா."

மதியப் பேருந்துக்குக் கிளம்பினேன். கையில் கல்லும் இல்லை, புடவையும் இல்லை. இந்தப் புடவை முடிந்ததும் கல்லைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசலில், "அந்த முனையைத் தேய்ச்சிடாதீங்க" என்றேன்.

"மாட்டேங்க" என்று சிரித்தார். "ஆனா தறியிலேர்ந்து புடவைய எறக்குற அன்னிக்கே ஜல்தியா வந்துடுங்க. துணிய அவுத்துட்டா, அப்புறம் என் கை சும்மா இருக்காது."