செட் மாத்திரையும் சீட்டு மாத்திரையும்

அடையாறு பாலத்தைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். சற்றுமுன் வெளியேறி வந்த கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப் பையில் இருந்தது. கையை இடுப்பில் ஊன்றினால்தான் நடக்க முடிந்தது. பத்து நாளுக்கு முன்னால் சிமெண்ட் மூட்டையோடு மாடி ஏறும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு. மறுநாள் காலை பாலவாக்கத்தில் சாரம் ஏறிச் சுவர் பூச வேண்டும். போகாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளை ஏற்றிவிடுவார்.

அதுவரை என்னை ஓட்டியது மெடிக்கல் ஷாப் செட். கட்டட வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். "உடம்பு வலிக்கு ஒரு செட்" என்றால் போதும்; கடைக்காரர் மூன்று அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, பேப்பரில் மடித்துத் தருவார். மஞ்சள், வெள்ளை, ரோஸ். பெயர் யாரும் கேட்பதில்லை. நான் வேளைக்கு இரண்டு செட் போட்டேன். வலி கொஞ்சம் அடங்கியது, வயிறு எரிந்தது. அந்த எரிச்சல்தான் என்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனது.

டாக்டரம்மா வலிக்கு இரண்டு மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று எழுதினார்.

"ஒரே வலிக்கு எதுக்கும்மா ரெண்டு?"

"ஒண்ணு வீக்கத்தைக் குறைக்கும். அதிகமானா வயித்தைப் புண்ணாக்கும். இன்னொண்ணு மூளைக்கு வலி தெரியாம பாத்துக்கும். அதிகமானா மயக்கம் வரும், பழக்கமும் ஆயிடும். ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா சேத்தா, எதையும் அள்ளிப் போட வேண்டியதில்ல. அஞ்சு நாள்தான். சாப்பிட்டுப் போடுங்க. சாரம் கீரம் ஏறாதீங்க. மலம் கறுப்பாப் போனா உடனே வாங்க. அந்த செட்டை இன்னிக்கே நிறுத்திடுங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைக்காரர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் மாத்திரையில் இரண்டை எழுதுகிறாரே. அதிலும் மயக்கம் தருவது எதற்கு? என் அறையில் தங்கியிருந்த ஒரு பெயிண்டர் அப்படி ஒரு மாத்திரையில் மாட்டிக்கொண்டார். அது கிடைக்காத நாளில் கை நடுங்கி, பிரஷைப் பிடிக்க முடியாமல் நின்றார். நடந்தபடியே முடிவு செய்தேன்: மயக்க மாத்திரையைத் தொடுவதில்லை. வீக்க மாத்திரையோடு வழக்கமான செட்டையும் போட்டுக்கொண்டு சாரம் ஏறிவிடுவது.

சாந்தோம் வழியாக மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நைனா, டாக்டராண்டல்லாம் போற? நம்ம கைராசி போயிடுச்சா?"

மயக்க மாத்திரையை எடுக்கும் முன் மட்டும் சிரிப்பு நின்றது. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முத்திரை குத்தினார். பத்து நாளாக என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காத மனிதர்.

"அப்டியே ரெண்டு செட்டு குடுண்ணே."

மடித்துக் கொடுத்தார். கடை ஓரமாக நின்று பிரித்தேன். நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். ஆங்கிலம் எழுத்து எழுத்தாகத்தான் வாசிப்பேன். செட்டிலிருந்த வெள்ளை மாத்திரையின் அட்டையில் கத்தரி பட்டு, மருந்துப் பெயரில் நாலு எழுத்து மிஞ்சியிருந்தது. டாக்டரம்மா எழுதிய வீக்க மாத்திரையை அதன் பக்கத்தில் வைத்தேன். பொடி எழுத்தில் அதே நாலு எழுத்து, அதே வரிசை.

"அண்ணே, ரெண்டும் ஒண்ணா?"

"ஒரே மருந்துதான். கம்பெனி வேற."

"செட்டுல எத்தினி நாளா கீது?"

"எப்பவுமே கீது. அது இல்லாம வலி எப்டி போவும்?"

"ரெண்டையும் சேத்துப் போட்டா?"

"ஒண்ணியும் ஆவாது. கேஸ் மாத்திரை ஒண்ணு போட்டுக்கோ." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பத்து நாளாக, வெறும் டீயோடு, அதையே இரண்டிரண்டாக விழுங்கியிருக்கிறேன். ஒன்றையே அள்ளிப் போட வேண்டாம் என்றுதான் டாக்டரம்மா இரண்டாவதைச் சேர்த்திருக்கிறார். செட்டுகளை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஒரு மெஸ்ஸில் சாம்பார் சாதம் சாப்பிட்டு, டாக்டரம்மா சொன்னபடி, மயக்க மாத்திரை உட்பட எல்லாவற்றையும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் இடுப்பு தளர்ந்தது. பத்து நாளில் அவ்வளவு வலி குறைந்ததில்லை. வயிறும் பேசாமல் இருந்தது. ஆனால் நடைபாதையில் இறங்கக் கால் வைத்தபோது தரை கொஞ்சம் தள்ளி இருப்பதுபோலிருந்தது.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "மாத்திரை போட்டுக்கினு கீறேன். ஏறினா வுழுந்துடுவேன். அஞ்சு நாள் வுடு."

"அஞ்சு நாளா? நீ வர்ற வரைக்கும் செவுரு நின்னுக்கினு இருக்குமா? போய்ப் படு, மாப்ள!" வைத்துவிட்டார்.

மறுநாள் காலை தி. நகரில் ஒரு துணிக்கடை வாசலில் வேலைக்கு ஆள் கேட்டு நின்றார்கள். சூப்பர்வைசர் என் கண்ணையே பார்த்தார்.

"இன்னாய்யா சொக்குது? காலைலயே ஊத்திக்கினியா?"

"வலி மாத்திரை சார்."

"எல்லாரும் அதான் சொல்றானுங்க. ஊது."

ஊதினேன். இரண்டு தடவை மோந்து பார்த்தார். நம்பியதுபோலத் தெரியவில்லை; இருந்தாலும் ஸ்டூலைக் காட்டினார். வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்க வேண்டும். உட்கார்ந்தே செய்கிற வேலை. சேர்ந்துவிட்டேன்.