விரால் இழுத்துப் போன பலகை

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி போன தை மாதம் விடுப்பில் வந்தபோது, முதுகில் பெரிய பை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தான். உள்ளே, பாய் போல் சுருட்டிய ஒரு ரப்பர் பலகை. பேராவூரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை விரித்து, கைப்பம்பால் காற்றடித்தான். அடிக்க அடிக்க அது நீண்டு, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய் அடுப்படி வாசலை அடைத்தது. தட்டிப் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தது.

"இதுல நின்னுக்கிட்டே துடுப்பு போடலாம், மீனும் புடிக்கலாம் லாத்தா," என்றான். அக்காவை லாத்தா என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

"தூண்டில் முள்ளு ஒண்ணு குத்துனா போதும், புஸ்ஸுன்னு போயிடும். நான் வரமாட்டேன்," என்றார் என் கணவர்.

"நான் வரேன்," என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்றே எனக்குத் தெரிந்தது. நாற்பத்து மூன்று வயது. சின்னப் பெண்ணாக வாய்க்காலில் நீந்தியதோடு சரி. கல்யாணத்துக்குப் பிறகு கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் நனைந்ததில்லை.

எங்கள் ஊர் ஏரியில் மீன்பிடி ஏலம் எடுத்திருந்தவர் என் கணவரின் சிநேகிதர். விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "பலகை மேல நின்னா? தாராளமா புடிங்க. எனக்கு வேடிக்கை பாத்தா போதும்!"

மறுநாள் காலை, ஏரி கரைமுட்ட நிறைந்து கிடந்தது. சுடிதார் துப்பட்டாவை இறுக்கி முடிந்து, அதன்மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் தம்பி துடுப்போடு நின்றான். கணவர் கரையில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார்.

அல்லிக் கொடிகளைப் பார்த்ததும் தம்பி, "இப்ப எந்திரி லாத்தா," என்றான். எழுந்தேன். பலகை கிடுகிடுவென ஆடியது. ஆனாலும் நின்றேன்! ஏரியே எனக்குக் கீழே இருந்தது. சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்போடே, தம்பி கொடுத்த தூண்டிலை வீசினேன். இரைக்குப் பதிலாக முள்ளில் மாட்டியிருந்த ரப்பர் தவளை அல்லி இலைமேல் விழுந்து, தண்ணீருக்குள் நழுவியது.

தண்ணீர் பிளந்தது. தூண்டில் வில்லாக வளைந்தது. நான் முழங்காலில் விழுந்தேன். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. தம்பி துடுப்போடு தண்ணீருக்குள் போனான். எழுந்து பார்த்தால் அங்கே நெஞ்சளவு ஆழம்தான். சேற்றில் நின்றுகொண்டு, "விராலு! விராலு!" என்று கத்தினான். அதற்குள் விரால் பலகையையும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

கரையிலிருந்து கணவர், "விட்டுடு புள்ள!" என்றார். அடுத்த மூச்சில், "விட்டுடாத, விட்டுடாத!" என்றார்.

"எதுங்க? ஒண்ணு சொல்லுங்க!"

சிரித்த சிரிப்பில் தூண்டில் நரம்பைச் சுற்றக் கையில் வலுவில்லை. ஒரு வட்டம் போனோம், அப்புறம் இன்னொரு வட்டம். கடைசியில் அதுதான் முதலில் களைத்தது. இழுத்து மேலே போட்டேன்; முழங்கை நீளம். துள்ளியது. வேறு வழி தெரியாமல் அதன்மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். துடுப்பு இல்லை. காற்று எங்களை மெல்ல எதிர்க்கரைக்குத் தள்ளியது.

அங்கே நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் கரையில் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து பார்த்து அலறினாள்: "ஏ, இங்க பாருங்கடி! பாயம்மா தெப்பத்துல வராங்க!"

அரிவாளைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பலகையை இழுத்தார்கள். நான் எழுந்து மீனைத் தூக்கிக் காட்டினேன். அவர்கள் போட்ட சத்தத்தில் கொக்குகளெல்லாம் பறந்தன.

"எங்களையும் ஒரு சுத்து ஏத்துங்கம்மா," என்று சேலையை இழுத்துச் செருகியபடி ஒருத்தி கேட்டாள். சேறு வழிய வந்து சேர்ந்த தம்பியிடம் கேட்கக்கூட இல்லை, நானே சரி என்றேன். அவன் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பத்தடி போய்த் திரும்பினான். நான் கரையில் நின்று அடுத்தது யார் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஸ்கூட்டரில் ஏரியைச் சுற்றி வந்த கணவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, கைலியை மடித்துக் கட்டினார்.

"தள்ளு, எப்படித்தான் இருக்குன்னு பாப்போம்."

ஏறினார், கையை விரித்தார், முழுதாக நிமிரக்கூட இல்லை, விழுந்தார். பெண்கள் விசிலடித்தார்கள். தண்ணீரிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, எங்கள் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார் அவர்.