மெசினுக்கு மட்டும் ஓடர்

வவுணதீவுப் பக்கம் ஒரு இராணுவ முகாமின் வாசலில் நெல் வெட்டும் மெசின் நின்றது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் அப்போது அரச அலுவலகம் ஒன்றில் சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்பாளர். காவலில் நின்ற கோப்ரலுக்கும் பாக்கியம் என்ற விவசாயிக்கும் நடுவில் நிற்பதுதான் அன்றைக்கு என் வேலை.

பாக்கியத்தின் வயல் முகாம் வேலிக்குள் அகப்பட்டிருந்தது. புருசன் இல்லை. வட்டை வயல்வெளியில் அந்த ஒரு துண்டுதான் அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு. முன்பிருந்த மேஜர் விதைப்புக்கு அவளை வாய்ப்பேச்சில் உள்ளே விட்டார். அவர் மாற்றலாகிப் போனதும் அந்தப் பேச்சும் கூடவே போய்விட்டது. புதிய மேஜரிடம் கூட்டத்தில், "வெள்ளாமை விளைஞ்சிட்டு சேர், மெசின் உள்ளுக்குப் போகணும்" என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர், உடனே சம்மதித்தார். நாங்களும் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினோம்.

அறுவடை நாளன்று வாசலில் கோப்ரல் தடுப்புக் கம்பை உயர்த்தினார். உத்தரவுப்படி மெசின் போகலாம், பாக்கியம் போக முடியாது.

"மெசினுக்கு ஓடர் இருக்கு மிஸ். அம்மாவுக்கு ஓடர் இல்ல" என்றார், தெரிந்த தமிழில்.

"என்னகா சொல்றான் இவன்?" என்று பாக்கியம் என்னைப் பார்த்தாள். "என்ட வயலுக்க போக எனக்கு ஓடரா? மறுகா என்ட வீட்டுக்க போகவும் கேக்கணுமோ?"

முகாமோடு பழகாதவர்கள் இதைக் கொழுப்பு என்பார்கள். கொழுப்பு இல்லை. அங்கே கீழே நிற்பவன் தன் புத்தியால் ஒன்றைச் செய்து சரிவந்தால், பெயர் மேலே இருப்பவருக்கு. பிழைத்தால் தண்டனை அவனுக்கு. ஆகவே சொன்னதைச் செய்வான், சொல்லாததைத் தொடமாட்டான். இந்தக் கோப்ரல் பொலன்னறுவைக்காரர், வயல் செய்கிற குடும்பம். விளைந்த நெல்லில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கே விளக்கினார். அவ்வளவும் தெரிந்த மனிதர் வழியை மட்டும் விடவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

மேஜரின் ஃபோன் அணைத்திருந்தது, அவர் ஏதோ கூட்டத்தில். உள்ளே இருந்த மற்ற அதிகாரி, "அது நான் கொடுத்த ஓடர் இல்லையே" என்று கையை விரித்தார்.

மெசின் டிரைவர் ஏறாவூர்க்காரர். அவர் பங்குக்கு, "வரம்பு காட்ட ஆள் இல்லாம அடுத்தவன்ட நெல்ல வெட்டிப்போட்டு நான் ஏச்சு வாங்க ஏலா. நான் திருப்பிக்கொண்டு போறன்" என்றார்.

கோப்ரல் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "மெசினில் எத்தனை பேர் வேலை செய்வார்கள்?"

"டிரைவரும் ஹெல்பரும்."

"ஹெல்பர் எங்கே?" என்றபடி பாக்கியத்தைப் பார்த்தார். இராணுவத்துக்கும் ஒரு சந்து இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, உங்கள ஹெல்பர் எண்டு சொல்லி மெசின்ல ஏறட்டாம்" என்றேன் நான்.

"என்ட வயலுக்கு நான் எடுபிடியா?" என்றாள். சத்தம் போடவில்லை. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

கடைசி மூட்டை ஏற்றியபோது மழை தூறியது. மேஜர் ஜீப்பில் வந்து இறங்கி, எல்லாம் நன்றாக முடிந்ததா என்று அன்பாகக் கேட்டார்.

பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். "ஹெல்பர் வந்து வேலைய முடிச்சிட்டாள் எண்டு சொல்லுங்க. வயலுக்குச் சொந்தக்காரி எப்ப வரலாம் எண்டும் கேளுங்க."

இப்படிப்பட்ட இடத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் பலர், "நன்றி சொல்கிறார் சேர்" என்று முடித்துவிடுவார்கள். நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன். கோப்ரல் நிலத்தைப் பார்த்தார். மேஜரின் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன், வெட்கம்தான்.

"அதற்கு எனக்கு மேலே இருந்து ஓடர் வர வேண்டும்" என்றார்.

அவரும் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவரிடமும் நான் அதே கேள்வியைச் சொன்னேன். அவருக்கு அடுத்தவரிடமும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கேள்வியைக் கேட்டபடியே சொல்லுங்கள், இனிப்புத் தடவ வேண்டாம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பாக்கியத்தின் கேள்வியை இப்போது எனக்குப் பின் வந்த தம்பி மொழிபெயர்க்கிறார்.