முந்திக்கொண்ட போதகர்

நம்ப விருப்பம் இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இதை அனுபவித்த ஆசீர் இன்றும் கொச்சி மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறார். கேட்டால் சொல்வார். சொல்லும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஆசீர் அங்கே சின்னதொரு சி.எஸ்.ஐ. தமிழ்ச் சபையின் போதகர். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த ஏழைபாழைகள்தான் சபை. ஆனால் எந்த வீட்டில் நோய் என்றாலும், மதம் பாராமல் போதகர் போய்ப் பார்ப்பது அந்தத் தெருக்களில் வழக்கம். வழக்கத்தை உண்டாக்கியவர் அவருக்கு முன்பிருந்த வேதமாணிக்கம் ஐயா. ஓய்வு பெற்று ஆலுவாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

போய் என்ன? எங்கே திரும்பினாலும் அவர் பேச்சுத்தான். ஆசீர் மருந்து வாங்கிக் கொடுத்தால், பழைய ஐயா என்றால் கையால் ஊட்டியே விட்டிருப்பார் என்பார்கள். ஆசீருக்கு வயிறு எரியும். பிரசங்கம் செய்யும்போதுகூட எரியும்.

மழை பிடித்ததும் அது தொடங்கியது.

சாயாக்கடை ஷபானாவின் உம்மாவுக்குக் காய்ச்சல் என்று போனார். அச்சன் இப்பத்தான் வந்து ஓதிவிட்டுப் போனார் என்றாள் ஷபானா. போதகரை அங்கே அச்சன் என்றுதான் சொல்வார்கள். மேஜைமேல் பாதி குடித்த சாயா. ஆவி பறந்துகொண்டிருந்தது.

"எந்த அச்சன்?"

"நம்ம பழைய அச்சன்தான்."

நம்ம... அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது.

அடுத்து இன்னொரு வீடு. பிறகு இன்னொன்று. எங்கேயும் கிழவர் முந்தியிருந்தார். ஆலுவாவிலிருந்து பஸ் ஏறி வந்து தன் ஆட்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஆசீர் கொதித்தார். பேராயரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். அதற்கு முன் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

கொச்சங்காடியில் கொத்தனார் இசக்கிதுரை, சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தார். ஒருநாள் வெளிச்சம் இருக்கும்போதே ஆசீர் அங்கே கிளம்பினார். இரண்டு பக்கமும் பூட்டிக் கிடந்த சரக்குக் கிட்டங்கிகள். நடுவே சந்து. சோவென்று மழை.

சந்தின் கோடியில் வெள்ளை அங்கி.

ஆசீர் கூப்பிட்டார். அது திரும்பவில்லை. ஓடினார். அது நிதானமாகத்தான் நடந்தது... ஆனாலும் எட்டவில்லை. இசக்கிதுரையின் வீட்டுக்குள் நுழைந்தது.

கதவருகே நின்று காதைக் கொடுத்தார். உள்ளே ஜெபம். கனத்த, தழுதழுத்த குரல். ஷபானாவின் உம்மாவுக்காக... இசக்கிதுரைக்காக... இன்னும் யார் யாருக்காகவோ.

பிறகு,

"ஆசீர்..."

அதோடு குரல் நின்றது.

கதவைத் தள்ளினார்.

இசக்கிதுரை மட்டும்.

ஒரே அறை. வேறு வாசல் இல்லை.

"ஐயா எங்க?"

இசக்கிதுரை சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "எல்லார் பேரையும் அழுதுதான் சொன்னாவ. உங்க பேரை மட்டும்... பல்லைக் கடிச்சிக்கிட்டுச் சொன்னாவ."

மறுநாள் ஆசீர் ஆலுவாவுக்குப் போனார். கதவைத் திறந்தவள் மகள் பொன்மலர். அவர் புகாரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் உள்ளறையைக் காட்டினாள்.

கட்டிலில் வேதமாணிக்கம் ஐயா. பக்கவாதம். ஒரு வருடமாக எழுந்திருக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அவளே புரட்டிப் போட்டால்தான் உண்டு.

கண்கள் மட்டும் அசைந்தன.

ஆசீர்மேல் வந்து நின்றன.

அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். பல மாதமாக அவர் நெஞ்சுக்குள் எரிந்ததும் அதுதான்.

வாசல்வரை வந்த பொன்மலர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மழை தொடங்கினதிலிருந்து, தினமும் பொழுது சாஞ்சா அப்பா காலைக் கழுவி விடுறேன். கட்டில்ல கிடக்கிற மனுஷன் கால்ல... இவ்வளவு சேறு எங்கேருந்து ஐயா வருது?"