மொக்கு ஜடையும் பீரோ கண்ணாடியும்

மல்லிகை மொக்காக இருக்கும்வரை பெரிதாக மணக்காது. ஈரமான வாழைநார் வாசனைதான் வரும். மணக்க ஆரம்பித்துவிட்டால் மொக்கு வாய் திறக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மொக்குகளைக் கோத்துத் தைத்த ஜடை உப்பி உருவம் கெட்டுவிடும்...

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில், அக்காவின் சீமந்தத்தன்று நான் பார்த்துக்கொண்டிருந்த கடிகாரம் அந்த வாசனைதான்.

அப்போது டிப்ளமோ முடித்து, ஹெப்பால் பக்கம் ஒரு ஃபேக்டரியில் டெஸ்டிங்கில் இருந்தேன். கையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கேமரா. சாமுண்டி மலை, சூரிய உதயம் எல்லாம் எடுத்துச் சலித்திருந்தது. மனிதர்களை எடுக்கத் தெரியாது. பொறுமையும் கிடையாது.

அக்காவைக் கொடுத்தது கொள்ளேகாலில். டாக்டர் மாதம் ஏறிய பிறகு பஸ் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டதால், சீமந்தத்துக்கு முன்பே எங்களோடு வந்து தங்கிவிட்டாள். வந்த அன்றே ஆரம்பித்தாள்.

"என்னை ஒரு படம் எடுடா. வயிறு தெரியணும்."

"ஸ்டூடியோவுக்குப் போ."

"அவங்க முந்தானைய இழுத்து மூடி, முன்னால பூந்தொட்டி வெப்பாங்க. போன தடவை ஒண்ணுமே மிஞ்சலடா... இருந்துச்சுன்னு காட்ட ஒரு படம்கூட இல்ல. இந்தத் தடவை எது எப்படி ஆனாலும் எனக்கு ஒரு படம் வேணும்."

போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அவளே சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அந்த ஞாயிறே ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். பிரிண்ட் வந்தது. மூக்கு எண்ணெய் வடிகிறது, வயிறு தட்டையாக இருக்கிறது, பின்சுவரில் கறுப்பாக ஒரு நிழல்.

"போலீஸ் ஸ்டேஷன் போர்டுல ஒட்டலாம்" என்றாள் அக்கா.

ரோஷம் வந்துவிட்டது. நேருக்கு நேர் வெளிச்சம் அடித்தால் உருண்டை தட்டையாகத்தான் தெரியும். பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். எவ்வளவு பக்கம், எவ்வளவு தூரம்? அதற்காக அவளை மணிக்கணக்கில் நிற்க வைக்க முடியாது. கேஸ் சிலிண்டரை ஜன்னலோரம் உருட்டிப் போய், அம்மாவின் பழைய புடவையைச் சுற்றிவிட்டு டெஸ்டிங் தொடங்கினேன்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, சிலிண்டருக்கு சீமந்தமா? வளையல எங்கடா போடுவ?"

ஃபேக்டரி விட்டு வந்ததும் இதே வேலை. வெளிச்சம் போகும்வரை விடமாட்டேன். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் நிழல் மெத்தென்று ஆகிறது... சிலிண்டர் உருண்டு திரண்டு அழகாகத் தெரிந்தது.

"ஆய்த்தா, முடிஞ்சுதா உன் டெஸ்டிங்? குழந்தை பிறந்து காலேஜ் போயிடும்போல" என்பாள் அக்கா.

சீமந்தம் வந்தது. கூடவே கொள்ளேகாலிலிருந்து அவள் மாமியாரும் வந்தார். கேமராவைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"சடையப் புடிச்சுக்கோ தம்பி. வயிறு மட்டும் படத்துல வரக் கூடாது சாமி. கண்ணு பட்டுரும். ஒருக்கா பட்ட பாடு போதும்."

அக்கா என்னை மட்டும் பார்த்தாள்.

அப்போதெல்லாம் மொக்கு ஜடைப் படம் என்றால் ஒரே மாதிரிதான். பெண் கேமராவைப் பார்த்து உட்கார வேண்டும், முதுகுக்குப் பின்னால் கண்ணாடி, அதில் ஜடை தெரியும். அக்காவையும் பீரோ கண்ணாடிக்கு முதுகு காட்டித்தான் உட்கார்த்தியிருந்தார்கள். எனக்கு எரிச்சல். ஜடைதானே வேண்டும்? அதை எதற்குக் கண்ணாடியில் போய்த் தேட வேண்டும்?

"திரும்பி உக்காரு" என்றேன்.

திரும்பினாள். ஜடை இப்போது எனக்கு நேராக. கண்ணாடிக்குள் அவள் முகமும், ஜன்னல் வெளிச்சத்தில் முழு வயிறும்.

"சடையத்தான் எடுக்கறேன், அத்தை. கண்ணாடியில தெரியறதுக்கு நான் என்ன பண்ண முடியும்? இந்த வேட்டிய அந்தப் பக்கம் பிடிச்சுக்குங்க."

அவர் வேட்டியை வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் சிக்கல் புரிந்தது. கண்ணாடியில் தெரியும் முகம் கண்ணாடியின் மேல் இல்லை. லென்ஸுக்கு அது கண்ணாடியையும் தாண்டி எங்கோ உள்ளே இருக்கிறது. முகத்துக்கு ஃபோகஸ் செய்தால் ஜடை போய்விடுகிறது, ஜடைக்குச் செய்தால் முகம் போகிறது. இரண்டும் வேண்டுமென்றால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். அப்புறம் ஷட்டர் மெதுவாகத்தான் விழும், அவள் துளி அசையக் கூடாது. சிலிண்டரோடு பழகியவனுக்கு இது புதுசு. சிலிண்டர் அசையாது.

ட்ரங்க் பெட்டி மேல் தலையணை வைத்து, நான் கண்ணாடியில் விழாதபடி கேமராவைச் சாய்வாக நிறுத்தினேன். மல்லிகை மணக்க ஆரம்பித்துவிட்டது.

"மூச்சப் பிடி."

"நான் பிடிப்பேன்டா. உள்ள இருக்கறது உதைக்குதே, அதுகிட்ட யார் சொல்றது?"

அடுத்த உதை வரை காத்திருந்தேன். நான், காத்திருந்தேன். உதைத்து அடங்கியதும் அவள் கை தானாக வயிற்றின் மேல் போய் நின்றது. அந்தக் கணம் மாமியாரின் பார்வை கண்ணாடிக்குள் போனதையும் பார்த்தேன். போச்சு, வேட்டியை வீசிவிட்டு வரப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

ஷட்டரை அழுத்தினேன்.

பிரிண்ட் வந்தபோது அவர் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மைச் சிமிழைத் திறந்து, கண்ணாடிக்குள் தெரிந்த வயிற்றின் மேல் விரலால் ஒரு பொட்டு வைத்தார். பளபள பேப்பரில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. எனக்கு உயிரே போனது. என் முதல் உருப்படியான படம் அது. அக்கா மட்டும் சிரித்தாள்.

அன்று உதைத்தவள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள், ஏழாம் மாதம். போன வாரம் அவளுடைய ஃபோட்டோஷூட் ஆல்பம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஏரிக்கரை, நீள கவுன், கலர் புகை... வயிற்றை யாரும் மறைக்கவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒரு படத்திலும் ஃபோகஸ் பிசகவில்லை. நல்ல விஷயம்தான். யாரையும் வேட்டி பிடிக்கக் கூப்பிட வேண்டியதும் இல்லை.

அந்தப் பழைய படத்தையும் அனுப்பச் சொல்லியிருந்தாள். ஸ்கேன் செய்தேன். சாஃப்ட்வேர் கீறலையெல்லாம் சரிசெய்துவிட்டு, அந்தப் பொட்டையும் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிவைத்து உட்கார்ந்து, அதைத் திரும்பக் கொண்டுவந்துதான் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "மாமா, சூப்பர். ஆனா வயித்து மேல ஏதோ டஸ்ட் இருக்கே?"

"அது உங்க அப்பத்தா உனக்கு வெச்சது. இருக்கட்டும்" என்று எழுதினேன்.