உட்கார முடியாத ஜம்ப்சூட்

1. டீச்சர் கேட்ட உடுப்பு

நான் முதன்முதலாக வெட்டித் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு பியூலா டீச்சரால் உட்கார முடியவில்லை. ஸ்டூலில் உட்காரப் போனார், தோள் இழுத்தது, நிமிர்ந்துவிட்டார்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு தையல் கடை அது. கட்டிங் எல்லாம் முதலாளி அண்ணாச்சி. எனக்கு ஹூக் வைப்பதும் காஜா எடுப்பதும்தான் வேலை. கத்தரிக்கோலைத் தொட ஆசை. கேட்க வாய் வராது.

அந்தக் கோடையில் மில்லர்புரத்திலிருந்து டீச்சர் வந்தார். பாவாடை நாடா இறுக்கி, இடுப்பைச் சுற்றி வேர்க்குரு புண்ணாகியிருந்தது. பம்பாய்த் தங்கச்சி அனுப்பிய படம் ஒன்றைக் காட்டினார். சட்டையும் பேண்டும் சேர்ந்து ஒரே உடுப்பாகத் தோளிலிருந்து தொளதொளவென்று இறங்கியது. ஜம்ப்சூட் என்றார்.

"இடுப்புல ஒண்ணும் கட்டாண்டாம் அண்ணாச்சி. லீவுல வீட்டுக்குள்ள போட்டுக்கிடுதேன்."

"ஹார்பர்ல மெக்கானிக் போடுத உடுப்புல்லா இது?"

"அவரு மெஷின்கிட்ட நிக்காரு, நான் அடுப்புகிட்ட நிக்கேன். ரெண்டும் சூடுதான்."

பெண்கள் மேல் அண்ணாச்சி டேப் வைக்க மாட்டார். எல்லோரும் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்த உடுப்புக்கு அளவு உடுப்பு எங்கே இருக்கிறது?

"ஏளா பாக்கியம், நீயே வெட்டு. துணியக் கெடுத்தேன்னா இனி உனக்குக் காஜாதான், பாத்துக்கோ."

டீச்சரின் ஜாக்கெட்டை மேலே வைத்தேன், அவர் வீட்டுக்காரர் பைஜாமாவைக் கீழே வைத்தேன். நடுவில் எவ்வளவு விடுவதென்று டீச்சரை அளந்து பார்க்கக் கூச்சம். கண்மதிப்பில் வெட்டிவிட்டேன். நின்றால் நன்றாகத்தான் இருந்தது.

2. திரைக்குப் பின்னால்

"நின்னுக்கிட்டேவா பிள்ள லீவக் கழிக்கச் சொல்லுத?" என்றார் டீச்சர்.

திரைக்கு வெளியே அண்ணாச்சி செருமினார். "என்ன, சரியா இருக்கா?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, இப்பதான போட்டிருக்கேன்," என்று அவருக்குக் குரல் கொடுத்துவிட்டு, டீச்சர் என்னைப் பார்த்தார்.

தோள் தையலைப் பிரித்தேன். இப்போது உட்கார முடிந்தது. தோளிலிருந்து கவட்டை வழியாகப் பின்பக்கத் தோள் வரை ஒரே சுற்றாக அளக்க வேண்டும். படித்த டீச்சரிடம் இதை எப்படிச் சொல்வது? டேப்பின் ஒரு முனையைத் தோளில் பிடித்துக்கொண்டு மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன்.

"டீச்சர், இதக் கால் நடுவால விட்டுப் பின்னால எடுத்துக் குடுங்க."

"இதச் சொல்லவா இம்புட்டு நேரம் முழிச்ச?" சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அந்த அளவுக்கு உடுப்பில் முன்னாலும் பின்னாலும் நான்கு நான்கு விரல் குறைந்தது. மிச்சத் துணியில் அதே அகலத்துக்குப் பட்டி வெட்டி, உடுப்பை இடுப்பில் குறுக்கே வெட்டி நடுவில் தொளதொளப்பாகவே வைத்துத் தைத்து, தோளையும் மூட்டினேன். படத்தில் இருந்ததைவிட அந்தப் பட்டி எடுப்பாக இருந்தது.

மறுநாள் டீச்சர் அதைப் போட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார், தரையில் குத்தவைத்தார், இரண்டு கையையும் தூக்கினார். "ஏளா, உள்ள காத்து வருது," என்றார். பிறகு சேலைக்கு மாறி வெளியே வந்தார்.

"இன்னொண்ணு வேணும் அண்ணாச்சி. எங்க பள்ளிக்கூடத்து டிரில் டீச்சரும் கேக்கா. எப்ப வந்து அளவு குடுக்கட்டும்?"

அண்ணாச்சி கத்தரிக்கோலை என் பக்கம் தள்ளினார். "அத எங்கிட்ட ஏன் கேக்கிய? கட்டிங்காரிகிட்ட கேளுங்க."

இப்போது தையல் பழகுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நிற்கவைத்து அளந்தது போதாது, உட்காரவைத்தும் அளந்து பாருங்கள். கூச்சமாக இருந்தால் மெதுவாகக் கேளுங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.